மூன்றாவது சாவி

"அந்த மூண்டாவது ஆள் ஆரெண்டு இப்ப சொல்லப்போறியளோ, இல்லையோ?"

மரியநாயகி அகப்பையும் கையுமாக முற்றத்தில் வந்து நின்றாள். அவள் புருசன் செபநாயகம் ஈரச் சாரத்தோடு படியில் குந்தியிருந்து, தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் கிறிஸ்ரினாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

விசயம் இதுதான். காலையில் வள்ளத்தால் இறங்கும்போது அப்பாவின் போன் மடியிலிருந்து நழுவிக் கடலுக்குள் போய்விட்டது. போன் போனால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் மீன் பிடிக்கக் கடலுக்குள் கூடு இறக்கின இடமெல்லாம் அதற்குள்தானே இருக்கிறது! கள்ளருக்குப் பயந்து அவர் கூட்டுக்கு மிதவை கட்டுவதில்லை. போனில் தெரிகிற புள்ளிதான் அடையாளம். நாளைக்குள் தூக்காவிட்டால் உள்ளே பட்ட மீன் செத்து அழுகிவிடும்; இடம் தெரியாவிட்டால் கூடும் இல்லை.

அந்தப் புள்ளிகளைப் புளொக்செயின் என்கிற இணையப் பெட்டகத்தில் போட்டுக் கொடுத்தவள் கிறிஸ்ரினாதான்.

"இது ஒரு கொம்பனியிட்டையும் இல்லையப்பா. உலகம் முழுக்கக் கன கொம்பியூட்டரிலை பிரிஞ்சு கிடக்கும். உங்களைத் தவிர ஒருத்தரும் பாக்கேலாது" என்று அன்றைக்குச் சொன்னாள்.

ஒருத்தரும் பார்க்கேலாது என்றதும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கூடு வைக்கிற இடத்தைச் சொந்தத் தம்பிக்கே சொல்லாத மனுசன் அவர்.

பெட்டகத்துக்குச் சாவி அவர் போன்தான்; கொம்பனி இல்லையென்றால், அது துலைந்தால் போய் அழுவதற்கும் ஆளில்லை. அதனால் நம்பிக்கையான மூன்று பேரை முதலே போட்டு வைக்கவேண்டும். அவர்களும் சம்மதிக்கவேண்டும். பிறகு ஒரு நாள் தேவைப்பட்டால், மூன்று பேரும் தங்கள் போனில் 'ஓம்' என்று அழுத்தினால்தான் பெட்டகம் திறக்கும். அம்மாவும் படங்கள் வைக்கத் தனக்கொரு பெட்டகம் கேட்டு வாங்கினாள். அன்றைக்கு அப்பா ஒரு மூலை, அம்மா ஒரு மூலை. சோதனை எழுதுகிற பிள்ளைகள் மாதிரிப் போனை மறைத்து மறைத்துப் பேர் போட்டார்கள்.

இப்போது கிறிஸ்ரினா தன் போனிலிருந்து அப்பாவின் பெட்டகத்தைத் திறக்கக் கேட்டவுடன் அம்மா அழுத்திவிட்டாள். பாசையூரிலிருந்து கிறிஸ்ரோபர் சித்தப்பாவும் அழுத்திவிட்டார். மூன்றாவது மட்டும் வரவில்லை; ஆளின் பேரையும் பெட்டகம் காட்டாது.

"பொம்பிளையோ?" என்றாள் மரியநாயகி.

"விசர்க் கதை கதையாதை."

"அப்ப ஏன் பேர் வாயிலை வருகுதில்லை?"

"அப்பா, ஆரெண்டு சொன்னால் நான் போய்க் கேப்பனே."

"நீ போய்க் கேக்கேலாது பிள்ளை."

கிறிஸ்ரினா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் உங்கடை பெட்டகத்துக்கு ஆரைப் போட்டனீங்களம்மா?"

"என்ரை கதை இப்ப ஏன்? நீ உன்ரை கொப்பரைக் கேள்!"

இனிக் கேட்டுப் பயனில்லை. கிறிஸ்ரினா 'நினைவூட்டு' என்ற பட்டனை அழுத்தினாள்.

டிங்!

அந்தப் பெட்டகத்துக்கென்றே உள்ள மணிச் சத்தம். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் கேட்டது.

திரும்பவும் அழுத்தினாள்.

டிங்!

மூன்று பேரும் மதிலைப் பார்த்தார்கள்.

அது நீக்கிலாப்பிள்ளை வீடு. வலை அறுந்த சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டதே மரியநாயகிதான். நத்தார்ப் பண்டிகைப் பலகாரம்கூட மதில் தாண்டக்கூடாது. பூசைக்குப் போனால் அவர்கள் ஒரு பக்கம், இவர்கள் மற்றப் பக்கம்.

"ஐயோ மாதாவே! உலகத்திலை வேறை ஆளே கிடைக்கேல்லையோ உங்களுக்கு?"

செபநாயகம் மெல்ல நிமிர்ந்தார்.

"போன மாரிக்கு எஞ்சின் நிண்டு நான் நடுக்கடலிலை அலையேக்கை கயிறு எறிஞ்சவன் ஆர்? உவன்தானே! ஒரு வார்த்தை கதைக்கேல்லை. கரை மட்டும் இழுத்துக் கொண்டந்து விட்டிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டான். அதுக்குப் பிறகு நான் வேறை ஆரைப் போட?"

"கயிறு எறிஞ்சால் காணுமோ? இப்ப அழுத்தமாட்டான், இருந்து பாருங்கோ. எங்கடை கூடு கடலுக்குள்ளையே உக்கட்டும் எண்டு பேசாமல் இருப்பான்."

பெட்டகம் திறக்காவிட்டால் பழி முழுக்கக் கிறிஸ்ரினாவின் தலையில்தான்.

மதிலுக்கு அங்காலே நீக்கிலாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"எடியே, என்ரை கண்ணாடி எங்கை? கண்டறியாத போன் அடிச்சுக்கொண்டே நிக்குது, ஒரு எழுத்தும் தெரியுதில்லை!"

கிறிஸ்ரினா போனையே பார்த்தாள்.

பெட்டகம் திறந்தது! நீலக் கடல் முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். ஒன்றும் துலையவில்லை.

"வந்திட்டுதப்பா! எல்லாம் வந்திட்டுது!"

செபநாயகம் துள்ளி எழும்பின வேகத்தில் சாரம் கழலப் பார்த்தது. ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மகளின் தலையைத் தடவித் தடவிச் சிரித்தார். கண்ணும் கலங்கிவிட்டது.

மரியநாயகி மட்டும் விடுவதாயில்லை. மதிலுக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

"கூடு கிடைச்சது சரி. மனுசருக்கு ரோசம் எண்டு ஒண்டு வேண்டாமோ? ஆகாத வீட்டிலை கொண்டுபோய்ச் சாவி குடுக்கிறதோ? வெக்கங்கெட்ட வேலை!"

மதிலுக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. நீக்கிலாப்பிள்ளையின் மனைவி யசிந்தா. வாங்குப் பலகையில் ஏறி நிற்கிறாள் போல. கையில் தன் போன், முகம் முழுக்கச் சிரிப்பு.

"மரியக்கா, அண்ணையை ஏசினது காணும். உங்கடை பெட்டகத்துக்கு என்ரை பேரைப் போட்டு வைச்சிருக்கிறியளே, அதை எப்ப அண்ணைக்குச் சொல்லப்போறியள்?"