முதல் தட்டு

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், நேற்று தானே ஓட்ஸை அளந்து தேன் ஊற்றிப் பிசறிக் கொடுத்தான். மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"முதல் தட்டு எனக்கு. அடுத்ததுதான் உங்களுக்கு, பாதாம் போட்டு," என்று வழக்கம்போலத் தனித்தனியாக ஓவனில் மொறுமொறுவென வறுத்துக் கிரனோலா செய்தாள். கடலை, பாதாம் எது பட்டாலும் அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சடைக்கும்.

இன்று காலை சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நீ சாப்பிடலையா?"

"ரத்தம் டெஸ்ட் பண்ணணுமே, வெறும் வயித்தோட போகணும்."

"வந்ததும் சாப்பிடு."

"எங்கேருந்து? என் டப்பாவை அப்படியே பாப்பா கையில குடுத்துவிட்டேன். காலையில ஸ்கூல் பஸ்ஸுல மலைக்குக் கிளம்பினா இல்ல, வழியில பசிக்குமே!"

அவன் கையிலிருந்த ஸ்பூன் நழுவியது.

"ஏன், பேயறைஞ்ச மாதிரி பாக்கறீங்க? அவளுக்கும் என் உடம்புதானே, கடலை ஆகாது. அதான் முதல் தட்டையே குடுத்தேன்."

நேற்று ஓட்ஸோடு அவன் கலந்த வேர்க்கடலை மாவு, நாக்குக்குத் தட்டுப்படாத அளவுக்கு நைசாக இருந்தது.

"உடனே அவளுக்கு போன் போடு!"

"அங்க சிக்னலே கிடைக்காதாம். எதுக்கு இப்படிப் பதறுறீங்க? என் கைப்பையைத்தான் மாட்டிட்டுப் போயிருக்கா. மூச்சடைச்சா போடுற ஊசி எப்பவும் அதுலதானே இருக்கும்?"

அவன் கை தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டது.

ராத்திரி அந்தக் கைப்பையிலிருந்து அவன் எடுத்த ஊசி, சட்டைப்பைக்குள் பத்திரமாக இருந்தது.