மாடத்துத் திரை

"அண்ணா, இன்னிக்குப் போய் ஆப்பராவா? பார்மா ஊரே காறித் துப்பாதா?" என்று வாசலை மறித்தாள் எர்சிலியா.

"நகரு. அரங்குல நம்ம மாடத்துத் திரை இன்னிக்குத் திறந்தே இருக்கணும்," என்றார் ஓட்டாவியோ.

"மேடையேறினவ என் மகளே இல்லைன்னு சொன்னது நீங்கதானே! அண்ணி மட்டும்தானே போய்க் கேட்டுட்டு வந்தாங்க?"

அவர் மனைவியின் விசிறியை எடுத்துக்கொண்டு விறைப்பாகப் படியிறங்கினார்.

அரங்கில் குடும்ப மாடத்தின் திரையைத் திறந்து, விசிறியை எல்லார் கண்ணிலும் படும்படி கைப்பிடிச் சுவரில் வைத்தார். கதாநாயகி நஞ்சுண்டு காதலன் மடியில் சாகும் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டே, மகள் ஜினெவ்ரா அண்ணாந்து பார்த்தாள். முதன்முறையாக அப்பா! அவள் குரல் கூரையைத் தொட்டது. ஒரு சுரம் பிசகினாலும் ஊளையிடும் மேல்வரிசைக்காரர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வேஷம் கலைக்காமல் மாடத்துக்கு ஓடி வந்தாள். "அப்பா! அம்மா எங்கே? உங்க பின்னால இருக்காங்கன்னு நெனச்சேனே."

விசிறியை அவள் கையில் கொடுத்தார். "காலையிலேயே போயிட்டாம்மா. நீ பாடி முடிக்கிறவரைக்கும் திரையை மூடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனா."

பிறகு, சாவு விழுந்த வீட்டார் செய்வதுபோல, மாடத்தின் திரையை இழுத்து மூடினார். கீழே கைதட்டல் சட்டென்று நின்றது.