நிறைந்த தொட்டி

காலையில் எழுந்து மோட்டாரைப் போட்டேன். பால் காய்ச்சிக் காபி குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். வீட்டை விற்றாயிற்று, சாயங்காலம் கனடாவுக்கு விமானம். வீட்டை வாங்கிய ஞானசேகர் சாவிக்காக வந்தபோது மாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தொட்டி ரொம்பிடுச்சு சார். மொட்டைமாடில நீச்சல்குளமும் சேத்தா வித்தீங்க?" என்று சிரித்தபடி அவர் சுவிட்சை நோக்கிப் போனார்.

"இருங்க. நான் நிறுத்துறேன்" என்றேன்.

சுவிட்சில் கை வைத்தேன். அழுத்தவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

என் மனைவி சுகந்தியை ஆம்புலன்ஸில் ஏற்றிய காலையிலும் தண்ணீர் இப்படித்தான் வழிந்தது. கதவைச் சாத்தும் முன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, கடைசியாகச் சொன்னாள்: "என்னங்க, மோட்டார் ஓடிட்டிருக்கு. நிறுத்திட்டு வாங்க."