தடைசெய்த தளம்

வீட்டு வைஃபையில் அந்த ஆன்லைன் விளையாட்டுத் தளத்தைத் தடுத்து வைத்தவர் அப்பாதான். தளம் திறந்தால் போதும், மகன் அறையைத் தாழிட்டுக்கொள்வான். அந்தத் தாழ்ப்பாள் சத்தமே அவருக்கு ஆகாது.

விபத்தில் மகனோடு அவன் லேப்டாப்பும் நசுங்கி ஒரு வருடமாகிறது. இன்று அவர் போனுக்கு அறிவிப்பு வந்தது: அதே லேப்டாப், அதே தளம், தடுக்கப்பட்டது.

“எவன்டா அது, என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறவன்?” என்று கத்தியபடி பாஸ்வேர்டை மாற்றினார். அறிவிப்பு மறுபடியும் வந்தது.

எட்டிப் பார்த்த மனைவி சீறினாள்: “இருந்தவரைக்கும் அவனை விளையாட விடல. இப்பவாவது விட்டுத் தொலைங்களேன்!”

பல்லைக் கடித்துக்கொண்டு தடையை நீக்கினார்.

காலியாகக் கிடந்த மகனின் அறைக் கதவு, எப்போதும்போல் படாரென்று சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.