பெட்டிக்குள் வளர்ந்த மைனா

உரும்பிராய் வீட்டின் பின்விறாந்தையில், பஞ்சு வைத்து அடைத்த மரப்பெட்டியை நமசிவாயம் திறக்கிறான். உள்ளே அவன் வளர்க்கும் மைனா வெயிலுக்குக் கண்ணைச் சிமிட்டுகிறது. எந்தக் குரலையும் கேளாமல் வளர்ந்த பறவையின் மூளை எப்படி இருக்கும் என்பதுதான் அவனுடைய கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி. நாளைக்கு அதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய், கொன்று, மூளையைச் சீவிப் பார்க்கவேண்டும். அவன் ஊரில் இல்லாத மாதங்களில் அதற்குத் தீன் வைத்தது அம்மா. "அதுக்கு முன்னாலை வாய் திறக்கக்கூடாதணை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு நேற்றுத்தான் முடிந்தது. முற்றத்துப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. மைனா கழுத்தைச் சரித்து, "பா... பா... பா..." என்கிறது. கடைசிப் "பா" நீண்டு இழுபட, அதன் பின்னால் ஒரு வறட்டு இருமல். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அக்கா பத்மாவதி அப்படியே நிற்கிறாள். "தனியக் கிடக்குதெண்டு பாவம் பாத்து, மடியிலை வைச்சுக்கொண்டுதான் அம்மா கோழியளைக் கூப்பிடுறவ, தம்பி. உன்னட்டைச் சொல்லவேண்டாமெண்டவ." அவன் மூடியைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். வேலியோரம் கிளறிக்கொண்டிருந்த கோழிகள் செட்டையடித்து ஓடிவந்து, படியடியில் குவிந்து, அவனுக்குப் பின்னால், அம்மா தீனோடு வெளியே வரும் குசினிக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன.