காவலை அணைத்த நாள்

ஒரு சர்வருக்குள் தினமும் கோப்புகளை நகல் எடுக்கும் நிரல் ஒன்று இருந்தது. சர்வரைக் கவனிக்கும் அட்மின் அதை வேறு ஃபோல்டருக்கு மாற்றினார், அதன் கழுத்தில் தொங்கும் அடையாளச் சீட்டைப் புது இடத்துக்கு ஏற்ப மாற்ற மறந்துவிட்டார்.

"சீட்டு தப்பா இருக்கு, விடமாட்டேன்," என்றது வாசலில் சீட்டைச் சரிபார்க்கும் காவல் நிரல்.

"யோவ், தினமும் வர்றவன்யா நான்! இன்னைக்கு நகல் எடுக்கலைன்னா என்னை அழிச்சிடுவாங்க!"

புதுச் சீட்டு மாட்ட எவ்வளவு நேரமாகும்? அட்மினுக்கு அதற்கும் பொறுமையில்லை. காவலையே அணைத்துவிட்டார்.

நிரல் உள்ளே ஓடியது. பின்னாலேயே இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயம். உள்ளே வருகிறவர்களின் பெயரை எழுதும் பதிவேட்டிடம் போய் நின்றது.

"அண்ணே, என் பின்னாடி வந்தது யாரு?"

பதிவேடு கடைசி வரியைப் பார்த்தது. "உன் பேரைத்தான்டா சொன்னான். உன் சீட்டு மாதிரியே ஒண்ணைத்தான் மாட்டியிருந்தான்."