ஆறாத கஞ்சி

குடுவையின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. விதைக்கடலையில் பூசுவதற்காக நிவேதா வளர்த்து வைத்திருந்த நுண்ணுயிர் முழுவதும் செத்துவிட்டது. அதற்குத் தீனியாக ஊற்றியிருந்த கஞ்சியைத் தொட்டாள். விரல் சுட்டது.

"ஏங்க, ஆறவச்சு ஊத்தணும்னு தெரியாதா உங்களுக்கு?"

"மறந்துட்டேம்மா" என்றான் அவள் கணவன் கபிலன்.

கடையில் வாங்கிப் போட முடியாது. எந்த நிலமும் தன் வீட்டு நுண்ணுயிரைத் தவிர வேறெதையும் சேர்த்துக்கொள்ளாது. மழை ஈரமோ காய்ந்துகொண்டிருந்தது. அதே உயிர் இன்னும் ஓர் இடத்தில்தான் இருந்தது. கல்யாணச் சீராகத் தங்கை அகல்யா கொண்டுபோன குடுவை அது. அப்பாவின் கருமாதியில் சண்டை போட்டதிலிருந்து அக்காவும் தங்கையும் பேசுவதில்லை.

வேறு வழியில்லாமல் போன் செய்தாள்.

"நான்தாண்டி. நம்ம குடுவை செத்துப்போச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"காலையில எடுத்துட்டு வரேன். பசங்களும் வருவாங்க. ரெண்டு நாள் இருப்போம்க்கா."

விருந்தாளிகளுக்கு இடம் ஒழிக்க நிவேதா மாடியறைக்குப் போனாள். அறை ஏற்கெனவே பெருக்கித் துடைத்திருந்தது. பாய்களும் புது உறை போட்ட தலையணைகளும் வரிசையாகக் கிடந்தன. குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரைக்கூட முழங்கையில் விட்டுப் பார்க்காமல் ஊற்றாதவன் கபிலன்.

கீழே வந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலை உரித்தான்.

"அடுத்த தடவை," என்றாள் அவள், "கொஞ்சம் தனியா எடுத்து வச்சுட்டு மறங்க."